வட்டம் போடும் கை

பிப்ரவரி 4

அண்ணாவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் இந்தக் காகிதம்தான் மேலே இருக்கும். மவுஸ் அதற்குக் கீழே இருக்கிறது. என் எண்ணை நீ முடக்கி வைத்திருப்பதால் வேறு வழி தெரியவில்லை.

இது நான் செய்த ஏற்பாடு இல்லை. எங்கள் கம்பெனி புதிய வயர்லெஸ் மவுஸைச் சோதிக்க எட்டு கேமிங் அணிகளுக்கு அணிக்கு ஒன்றாக அனுப்புகிறது. உங்கள் அணியின் பெயருக்கு எதிரே 'தாத்தா' என்று போட்டு ஒரு போன் நம்பர் இருந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் வேலை செய்கிற உன் நம்பர். இருபத்தேழு வயதில் உன்னை அங்கே தாத்தா என்றா கூப்பிடுகிறார்கள்?

இந்த மவுஸை நீண்ட நேரம் ஓட வைப்பதுதான் என் வேலை. எடை குறைய வேண்டும் என்று பேட்டரியைச் சின்னதாக்கிவிட்டார்கள். ஆனால் அட்டைப்பெட்டியில் எண்பது மணி நேரம் என்று அச்சடிக்க வேண்டுமாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை, மவுஸுக்குள் ஓடும் புரோகிராமை வைத்து நான் நிரப்ப வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். முழுதாகச் சார்ஜ் ஏற்று. வழக்கம்போல் விளையாடு. தானாக அணையும்வரை மறுபடி சார்ஜில் போடாதே. அணைந்ததும் திருப்பி அனுப்பு. எனக்காக நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டாம்.

அப்பா நலம். லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற இடத்தில் படியேறிப் போகிறார் என்று சொல்லிச் சிரிக்கிறோம். உன்னைப் பற்றி வாய் திறந்து கேட்பதில்லை.

தங்கை


பிப்ரவரி 12

பொடிசு,

உன் மவுஸ் செத்துவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் சிவப்பு விளக்கு இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான், ஆள் காலி. எண்பது மணி நேரமா? மணி நேரம் என்றால் என்னவென்று உங்கள் மேனேஜருக்கு யாராவது சொல்லிக் கொடுங்கள்.

மற்றபடி நல்ல சாமான். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆமாம், தாத்தாதான். அணியில் மற்றவர்களுக்கு இன்னும் ஒழுங்காக மீசையே வரவில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்தால், "பாத்து, பாத்து, முட்டி பத்திரம்" என்று கைத்தாங்கலாகப் பிடிக்க வருகிறான்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல். இந்த சீசனுக்குள் பெரிய லீகில் ஆடிக் காட்டாவிட்டால் திரும்பி வந்து லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்துவிடுகிறேன் என்று வாக்கு கொடுத்தேன் இல்லையா, அதற்கு அவசியம் வராது. ஆடும் ஐந்து பேரில் நானும் ஒருவன். சீசன் பிரமாதமாகப் போகிறது.

உன் எண்ணின் முடக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

மற்ற ஏழு மவுஸ்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உன்னுடையது முதலில் வந்து சேர்ந்ததும் மேனேஜர் அதைக் காதருகே வைத்து, உண்டியலை ஆட்டுவது போல ஆட்டிப் பார்த்தார். "இது கோளாறு பீஸும்மா. தூக்கிப் போட்டுட்டு வேற அனுப்பு" என்றார். நான் பிரித்துப் பார்த்தேன். மவுஸில் கோளாறே இல்லை. அப்படியானால் கோளாறு உன்னிடம் இருக்கிறது.

கோபப்படாமல் பதில் சொல். கம்ப்யூட்டரில் சொருகும் ரிசீவரை எங்கே வைத்திருக்கிறாய்? பின்பக்கம், இரும்புக்கு அருகில் என்றால் மவுஸ் சொல்வது அதன் காதில் விழாது. விழாவிட்டால் மவுஸ் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். கத்திக் கத்தியே பேட்டரி தீர்ந்துபோகும். நம் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது.

அடுத்தது, மேஜை ஆடுகிறதா? கையை எடுத்த சிறிது நேரத்தில் மவுஸ் தூங்கப் போக வேண்டும். அந்தத் தூக்கத்தில்தான் நான் மணி நேரங்களைச் சேர்க்கிறேன். மேஜை அதிர்ந்துகொண்டே இருந்தால், யாரோ தட்டி எழுப்புவது போல அது விழித்துக்கொண்டே இருக்கும்.

அப்பா உங்கள் ஆட்டங்களை நெட்டில் பார்க்க ஆரம்பித்திருக்கிறார், சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு. "இதுல நம்ம பய எங்க?" என்றார். பட்டப்பெயர்தான் வரும் என்றேன். "தாத்தான்னு ஒண்ணும் வரலையே." கண்ணாடியை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இத்துடன் இரண்டாவது மவுஸ்.

தங்கை


மார்ச் 1

பொடிசு,

நீ சொன்னது சரிதான். ரிசீவர் பின்பக்கம், ஒரு இரும்பு அலமாரியின் இடுக்கில் இருந்தது. ஒரு நீட்டு வயர் வாங்கி அதைக் கண் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மேஜையும் ஆடத்தான் செய்தது. பக்கத்தில் உட்காரும் சுருட்டைக்குக் கால் ஆட்டுகிற வியாதி.

"டேய், என் மவுஸ் உன்னாலதான் சாகுது, காலை ஆட்டாத."

"தாத்தா, காலை நிறுத்துனா என் மூளையும் நின்னுடும்."

"அது எப்பவோ நின்னுடுச்சுடா" என்று எதிர் வரிசையிலிருந்து வாத்து சொன்னான். நடை காரணமாக அவனுக்கு அந்தப் பெயர். எங்கள் அணியில் முதல் ஆள் அவன்தான்.

மேஜைக் காலுக்கடியில் ரப்பர் துண்டு வைத்தேன். எல்லாம் செய்தும் இந்த மவுஸ் அரை நாள்தான் கூடுதலாகத் தாக்குப் பிடித்தது. கை ராசி சரியில்லை என்று எழுதிக்கொள்.

அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வேண்டாம். அவர் பார்க்கும் ஆட்டங்களில் நான் இருந்திருக்க மாட்டேன். ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

சோதனை மவுஸ்களுக்குள் ஒரு கணக்கு ஓடும். எவ்வளவு தூரம் நகர்ந்தது, பட்டனை எத்தனை முறை அழுத்தினார்கள், எப்போது தூங்கியது. எல்லோருக்கும் கொடுத்த விதிமுறைத் தாளில் அது இருக்கிறது. நீ அதைப் படித்திருக்க மாட்டாய்.

மற்ற ஏழு பேரும் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். பட்டன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் எழுந்து போயிருக்கிறார்கள், மவுஸ் தூங்கியிருக்கிறது. உன் மவுஸ் அவர்கள் எல்லோரையும்விட அதிக தூரம் போயிருக்கிறது, ஆனால் பட்டனை யாரும் தொட்ட மாதிரியே இல்லை. வெறும் வட்டங்கள். சின்னச் சின்ன வட்டங்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை. தூங்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

இதைக் கேட்கலாமா என்று மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். நீ என்ன விளையாடுகிறாய், அண்ணா?

மூன்றாவது மவுஸ் பெட்டியில் இருக்கிறது.

தங்கை


மார்ச் 14

வேவு பார்க்கத்தான் மவுஸ் அனுப்பினாயா? அப்பா சொல்லிக் கொடுத்தாரா, இல்லை சொந்த மூளையா?

எங்கள் ஆட்டம் உனக்குப் புரியாது. மூன்றாவது மவுஸை அனுப்பப் போவதில்லை. சோதனைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.


மார்ச் 25

அண்ணாவுக்கு,

இந்தத் தடவை பெட்டி இல்லை, வெறும் உறை. பிரிக்காமல் தூக்கிப் போட வசதியாக இருக்கட்டும்.

நேற்று மீட்டிங். ஏழு மவுஸ்களின் சராசரி எண்பதைத் தொட்டுவிட்டது. உன்னுடையதைச் சேர்த்தால் கீழே இறங்குகிறது. மேனேஜர், "அந்த ஒண்ண எடுத்துட்டு ஆவரேஜ் போடுங்க. ஏழு பேர் ஒழுங்கா ஆடுறாங்க, ஒருத்தன் கிறுக்கன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கிறுக்கன் என் அண்ணன் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. "எட்டாவது ஆளும் கடையில போய்தான சார் வாங்குவாரு" என்று மட்டும் சொன்னேன். ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார். அட்டைப்பெட்டி அச்சுக்குப் போகத் தயாராக நிற்கிறது.

உன் வட்டங்களைப் பார்த்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆடும் கை, எடுத்துவிட்ட கை என்று இரண்டே நிலைகளை வைத்துத்தான் நாங்கள் இந்தப் புரோகிராமை எழுதியிருக்கிறோம். காத்திருக்கும் கை என்று ஒன்று இருப்பது யார் தலையிலும் ஏறவில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான் தெரிகிறது. சிக்னலில் ஸ்டியரிங்கைத் தட்டும் டிரைவர். டாக்டர் அறைக்கு வெளியே மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும் பெண். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும் நான். யாருமே கையைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. எப்படிக் காத்திருக்கிறாய் என்று மட்டும் எழுது. மவுஸுக்கு அதைக் கற்றுக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

தங்கை


ஏப்ரல் 6

பொடிசு,

சரி, கேட்டுக்கொள்.

அணியில் ஐந்து நாற்காலி. ஆறாவது ஒன்று சுவரோரம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் நான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் உள்ளே போக வேண்டும். இந்த சீசனில் ஒருவனுக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான்கள்.

என் திரையில் அவர்களுடைய ஆட்டம் ஓடும். நான் பார்க்கலாம், தொட முடியாது. தனியாக வேறு ஆட்டம் ஆரம்பிக்கவும் முடியாது. நடுவில் கூப்பிட்டால் போக வேண்டுமே. கோச் காலையில் வந்ததும், காய்ச்சல் பார்ப்பது போல என் கையைத் தொட்டுப் பார்ப்பார். "கை சூடா இருக்கணும் தாத்தா. எப்போ கூப்பிடுவேன்னு எனக்கே தெரியாது." அதனால் கையை எடுப்பதில்லை. வலப்பக்கமாக ஒரு வட்டம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. யாராவது சுடுவது கேட்டால் கொஞ்சம் வேகமாகும். பிறகு பழையபடி. இவ்வளவுதான் என் ஆட்டம். இதற்குத்தான் உன் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது.

நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு அப்பா கத்தியதெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது. நீ வாசலில் நின்றுகொண்டு, சத்தமே போடாமல், "உன்னால ஒரு இடத்துல உக்கார முடியாது, அவ்வளவுதான்" என்றாயே, அது போகவே மாட்டேன் என்கிறது. பார், சீசன் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திருப்திதானே?

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு ஆட்டம் கிடைத்தால் போதும், அப்பா முன்னால் போய் நிற்பேன். அதுவரை வாயைத் திறக்காதே. மூன்றாவது மவுஸை இத்துடன் அனுப்புகிறேன். வட்டத்தைக் கற்றுக் கொடு. அதுவாவது தூங்கட்டும்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

வாசலில் நான் சொன்னதை உன் கையெழுத்தில் படிக்கக் கூசியது. அப்படிப் பேசியது நானா என்று கேட்டுப் பார்த்தேன். நான்தான்.

நான்காவது மவுஸ் பெட்டியில். பட்டனை அழுத்தாமல் கை ஒரே மாதிரி வட்டம் போட்டுக்கொண்டிருந்தால் இது அரைக்கண் மூடும். நொடிக்கு ஆயிரம் தடவை பேசுவதை விட்டுவிட்டு நூறு தடவை பேசும். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. கை வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் முழுதாக விழித்துக்கொள்ளும். நீ கண் இமைப்பதற்குள் அது பலமுறை விழித்துவிடும்.

ஆனாலும் அந்தத் துளி நேரம் ஆட்டத்தில் வேண்டாம். அதற்காக அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் தள்ளினால் சேமிப்பு, வலப்பக்கம் தள்ளினால் தூக்கமே கிடையாது. உள்ளே கூப்பிட்டால் முதல் வேலையாக அதை வலப்பக்கம் தள்ளு.

ஆய்வு அறையில் ஒரு மோட்டாரை உன்னைப் போலவே வட்டம் போட வைத்துச் சோதித்தேன். எண்பத்திரண்டு. மேனேஜர் மோட்டாரைத் தட்டிக்கொடுத்து, "கிறுக்கன் நல்லாத்தான் வேலை செய்யறான்" என்றார். அடுத்த மாதம் கடைக்கு வருகிறது.

சுவிட்சை மறக்காதே.

பொடிசு


மே 11

பொடிசு,

நேற்று ஆடினேன்.

காலையில் வாத்துக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தது. பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் கோச், அந்தப் பக்கம் அவன். "வர முடியுமா முடியாதா?" "வர முடியும் கோச், இங்கேருந்து வெளிய வர முடியல." கோச் திரும்பி என்னைப் பார்த்தார். "தாத்தா, எந்திரி."

தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். கடைசிச் சுற்றில் எங்களில் நான் மட்டும், அவர்களில் ஒருவன் மட்டும் மிச்சம். இடிந்த சுவர் ஒன்றின் பின்னால் நின்றேன். அவன் வருவான் என்று தெரியும். வந்தான். எனக்கு முன்னால் அவன் சுட்டான். முடிந்தது.

மவுஸைத் திருப்பிப் பார்க்கிறேன், சுவிட்ச் இடப்பக்கமே கிடக்கிறது. பதற்றத்தில் மறந்துவிட்டேன். கோச் வந்து "என்னடா ஆச்சு?" என்றதும் வாயில் வந்தது: "மவுஸ் தூங்கிடுச்சு கோச்."

அவர் திட்டவில்லை. "கம்பெனிலேருந்து எழுதி வாங்கிட்டு வா. மவுஸ் தப்புன்னா அடுத்த சீசன் உன்னை வச்சுக்கலாம். கை தப்புன்னா..." என்று நிறுத்திவிட்டு, தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு தாள், பொடிசு. அரைத்தூக்கத்திலிருந்து எழச் சற்றுத் தாமதமாகியது என்று ஒரே வரி. நீ என் தங்கை என்று இங்கே யாருக்கும் தெரியாது. மவுஸை அனுப்பியிருக்கிறேன். தூங்கித்தான் இருக்கும், வேறு என்ன? சீக்கிரம் எழுது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணன்


மே 17

அண்ணாவுக்கு,

மவுஸ் விழித்திருந்தது.

எனக்கும் வசதியான பதில் இது. தூங்கியிருந்தது என்றால் கடைக்கு வரப்போகிற மவுஸ் நின்றுபோகும், என் வேலையும் ஆட்டம் காணும். அதனால் என்னையே நம்பாமல் மவுஸுக்குள் இருந்த கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அப்புறம் எது என்ன என்று சொல்லாமல் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்தேன். "இது எங்கடி தூங்குச்சு? ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டுல்ல இருக்கு" என்றாள்.

சுவிட்ச் சேமிப்பில்தான் இருந்தது. தூங்கியிருக்க முடியும். ஆனால் அதற்கு நீ வட்டம் போட்டிருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை உன் கை ஒரு வட்டம்கூடப் போடவில்லை. மூன்று மாதமாக உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது இப்படி நகர்ந்து நான் பார்த்ததில்லை. நேராகப் போகிறது, வெட்டித் திரும்புகிறது, நிற்கிறது, சுடுகிறது. அது காத்திருக்கவில்லை, அண்ணா. ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் எதிரே வந்தவன் உன்னைவிட ஒரு துளி வேகமாக இருந்தான்.

அந்தத் தாளை என்னால் எழுதித் தர முடியாது. அதற்கு நீ என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இதை எழுதும்போது இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். அப்புறமும் பதில் மாறவில்லை.

அப்பா அந்த ஆட்டத்தைப் பார்த்தார். "தாத்தான்னு வருது பாரு, வருது பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். நீ விழுந்ததும், "எதுத்தாப்புல வந்தவன் கெட்டிக்காரன்" என்றார். அப்புறம் முதலிலிருந்து போட்டு மறுபடி பார்த்தார், இந்தத் தடவை சத்தம் வைத்து.

என்மேல் கோபப்படு. அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

பொடிசு


மே 29

பொடிசு,

இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். சுருட்டை, "யாரைத் தாத்தா இப்படித் திட்டற?" என்று கேட்டான். தங்கச்சியை என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டான். அவனுக்கு மூன்று பேர்.

மூன்றாம் நாள் கோச்சிடம் போய், "கைதான் கோச். மவுஸ் முழிச்சுத்தான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்டா, திரும்பப் போட்டுப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னீங்க?"

"மேல இருக்கறவங்களுக்குக் காட்ட ஒரு தாள் வேணும்ல. கொண்டு வந்திருந்தா அந்த நாற்காலியிலயே வச்சிருப்பேன்."

யோசித்துப் பார். அந்தத் தாளை நீ கொடுத்திருந்தால், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சீசன் ஓட்டியிருப்பேன்.

அன்று சாயங்காலமே பையைக் கட்டிவிட்டேன். பயப்படாதே, ஊரைவிட்டு ஓடவில்லை. இங்கேயே ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் சின்ன அணி ஒன்று இருக்கிறது. நாலு பேரை வைத்துக்கொண்டு அஞ்சாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரிய லீக் எல்லாம் இல்லை, உள்ளூர் போட்டிகள்தான். அறையில் அஞ்சு நாற்காலிக்கே முட்டிக்கு முட்டி இடிக்கிறது. பகலில் கீழே கடையில் கணக்கு வழக்குப் பார்க்கிறேன், சாயங்காலம் ஆட்டம்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. பெரிய லீகில் ஆடிய அந்த ஒரே ஆட்டம் கணக்கில் சேருமா என்று நீ கேட்காதே, நானே ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கிறேன். சேராது என்றுதான் சொல்வார். கத்தட்டும். எதிரே உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டு, என்ன செய்யப் போகிறேன் என்று நானும் சொல்கிறேன். நீ வீட்டில் இரு.

ஒரு விஷயத்தைச் சொன்னால் சிரிப்பாய். இங்கே எல்லோருக்கும் வயர் வைத்த மவுஸ்தான். பேட்டரியே கிடையாது. உன் எண்பத்திரண்டு மணி நேரத்துக்கு இந்த மாடியில் வேலையே இல்லை. என்னுடையதன் வயர் மேஜை விளிம்பில் உரசி உரசி இழுக்கிறது, அதை ஒட்டி வைக்க டேப் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் இதை எழுதுகிறேன். இன்னும் டேப் கிடைக்கவில்லை. அதற்குள்

கூப்பிடுகிறார்கள்.